தீவுக்குப் போகும் புத்தகம்

அனைவருக்கும் வணக்கம். வெப்பமண்டலத் தீவொன்றில் ஒரு வாரம் ஓய்வெடுக்கப் போகிறவர் பெட்டியில் எந்தப் புத்தகத்தை வைக்கலாம், அங்கே அது என்ன பாடுபடும் என்பதுதான் இன்றைய பேச்சு.

வீட்டில் பாதியில் நின்றுபோன தடித்த நூலை ‘அங்கே போய் முடித்துவிடலாம்’ என்று தூக்கிக்கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர். அது பெரும்பாலும் திறக்கப்படாமலே திரும்பி வரும். கடற்கரையில் யாரும் மூன்று மணி நேரம் ஒரே மூச்சாகப் படிப்பதில்லை. நீந்தப் போவார்கள், கண் அசரும், குழந்தை கூப்பிடும், சொல்லாமல் மழை கொட்டும். ஆகவே லேசான வாசிப்புக்கு நான் வைக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று: விட்ட இடத்திலிருந்து சிரமமில்லாமல் தொடர முடிய வேண்டும். மேலோட்டமான எழுத்துதான் லேசான எழுத்து என்று நினைத்தால் இருபதாம் பக்கத்திலேயே சலிப்பு தட்டிவிடும்.

வாங்கும்போதே சோதித்துவிடலாம். 60ஆம் பக்கத்தைத் திறந்து நின்றபடியே இரண்டு பக்கம் படியுங்கள். அதற்குள் ஆறேழு பெயர்கள் வந்து யார் எவர் என்று குழம்பினால் வேண்டாம். முகப்பில் வம்சாவளிப் படம் போட்ட நாவல் வீட்டிலேயே இருக்கட்டும். அத்தியாயம் 8 முதல் 12 பக்கம் இருந்தால் நல்லது. பயணக் கட்டுரை, நகைச்சுவை, சிறுகதை எல்லாம் பொருந்தும். துப்பறியும் கதையில் மட்டும் ஒரு சிக்கல்: இரண்டு நாள் இடைவெளி விழுந்தால் துப்பு மறந்துபோகும். 150 பக்கத்துக்குள் இருப்பதாகப் பார்த்து எடுங்கள்.

எத்தனை புத்தகம்? கதை நூலில் மணிக்கு 30 பக்கம், நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்தால் ஏழு நாளில் 420 பக்கம். நடுத்தர நூல் இரண்டு போதும். அளவையும் கவனியுங்கள். 70 ஜிஎஸ்எம் தாளில், அதாவது சதுர மீட்டருக்கு 70 கிராம் எடையுள்ள தாளில், 300 பக்க டெம்மி (ஏறக்குறைய 14 × 21.5 செ.மீ.) நூலின் உள்தாள் மட்டும் ஏறக்குறைய 315 கிராம். அதே பக்க எண்ணிக்கை அதைவிடச் சிறிய கிரவுன் அளவில் 245 கிராம்தான். சாய்ந்து படுத்து, கையை உயர்த்திப் படிக்கும்போது அந்த வித்தியாசம் மணிக்கட்டுக்குத் தெரியும்.

இப்போது வெயிலுக்கு வருவோம். பர்ஃபெக்ட் பைண்டிங், அதாவது தையலில்லாமல் பசையால் மட்டும் கட்டமைப்பு செய்த நூலின் முதுகில் இருப்பது சூட்டில் உருக்கி ஒட்டிய பசை. கறுப்பு அட்டை நூலை நேர்வெயிலில் கவிழ்த்து வைத்தால் அந்தப் பசை இளகும். விரித்த நிலையிலேயே இருப்பதால் தாள்கள் கொத்தாகக் கழன்று வரும். தையல் போட்ட நூலுக்கு இந்தத் தொல்லை இல்லை. உச்சி வெயிலில் வெளிச்சம் சுமார் 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு); வீட்டறையில் சில நூறுதான். வெள்ளைத்தாள் கண்ணைக் கூசவைக்கும். குடை நிழலில், வெளிச்சம் தோளுக்குப் பின்னாலிருந்து விழும்படி உட்காருங்கள். பழுப்புத் தாள் இன்னும் நல்லது.

மின்நூல் படிக்கும் கருவியான மின்வாசிப்பானில், அச்சுத்தாள் போலத் தெரியும் மின்மைத் திரை (இ-இங்க்) உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். கூசும் ஒளியை வடிகட்டும் போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் கைபேசித் திரை சில கோணங்களில் இருண்டுவிடும். மின்மைத் திரைக்கு அப்படி ஆகாது. ஆனால் மின்வாசிப்பான்களில் பல 35 டிகிரி வரைக்கும்தான் உத்தரவாதம். வெயிலில் வைத்தால் திரை தடுமாறும், பேட்டரியின் ஆயுள் குறையும். நீர் புகாது என்று காட்டும் ஐபிஎக்ஸ்8 முத்திரை நன்னீருக்கானது. கடல்நீர் பட்டால் நன்னீரில் அலசி, சார்ஜ் துளை முழுதும் காய்ந்த பிறகே மின்சாரம் கொடுங்கள். உப்பும் மின்சாரமும் சேர்ந்தால் துளையின் உலோகம் அரிக்கும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்ததும் நீர்ப்பனி படியும் என்பதால் கால் மணி நேரம் பையிலேயே இருக்கட்டும். நூல்களைப் புறப்படும் முன்பே தரவிறக்கி, ஒவ்வொன்றையும் ஒரு முறை திறந்து பார்த்துவிடுங்கள். விமானத்தில் போனால் பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும்.

வெயில்காப்புக் களிம்பின் எண்ணெய் தாளில் ஊறினால் போகாது. டீட் என்ற வேதிப்பொருள் கலந்த கொசு விரட்டி சில வகை பிளாஸ்டிக்கையே கரைக்கும். கையைத் துடைத்துவிட்டுத் தொடுங்கள். மணல் புகுந்தால் விரலால் தேய்க்காமல், முதுகை மேலே பிடித்து மெல்லத் தட்டுங்கள்.

அலையில் நனைந்த புத்தகத்தை அப்படியே காயவைப்பதுதான் பலரும் செய்வது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் தாள் முழுதாகக் காயாது. முதலில் மூடியபடியே நன்னீரில் முக்கி எடுங்கள். பிறகு 20 பக்கத்துக்கு ஒன்றாக அச்சில்லாத உறிஞ்சுதாள் வைத்து, நிமிர்த்தி நிறுத்தி, மின்விசிறிக் காற்றில் விடுங்கள். உறிஞ்சுதாள் ஊறியதும் மாற்றுங்கள். செய்தித்தாள் வைத்தால் மை ஒட்டும். வழுவழுப்பான ஆர்ட் பேப்பர் நூல் என்றால் எல்லாப் பக்கத்துக்கும் இடையே தாள் வேண்டும். காய்ந்தபின் ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிரிக்க முடியாது. லேசான ஈரம் இருக்கும்போதே பாரம் வைத்து அழுத்தினால் நெளிவு குறையும். இரண்டு நாளுக்குமேல் ஈரமாகவே கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். உடனே கவனிக்க நேரமில்லாவிட்டால் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள், கெடுவது நின்றிருக்கும். ஈர நூலை ஜிப் பையில் அடைத்துப் பெட்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுவருவது மட்டும் கூடவே கூடாது.