லீ ஹுவாவுக்குப் பேச வருமா?

வணக்கம் நேயர்களே. என்னைப் பேசக் கூப்பிட்டவர்கள், "டீச்சர், எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள், இலக்கணம் மட்டும் வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். சரி, இலக்கணம் வேண்டாம். லீ ஹுவாவைப் பற்றிப் பேசுகிறேன்.

லீ ஹுவா ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் சீனாவில் மேல்நிலைப் பள்ளி முடித்த யாரைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே "ஓ, அவனா" என்பார்கள். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலத் தாளின் எழுத்துப் பகுதி பெரும்பாலும் 'நீதான் லீ ஹுவா என்று வைத்துக்கொள்' என்றுதான் தொடங்கும். அப்புறம் ஒரு வெளிநாட்டு நண்பருக்குக் கடிதம் எழுதச் சொல்வார்கள். 2017-இல் லெஸ்லி என்ற இங்கிலாந்து நண்பருக்கு, அடுத்த சீன வகுப்பில் தாங் காலத்துக் கவிதை படிக்கப்போகிறோம், அந்த வம்சத்தின் வரலாற்றைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வா என்று எழுதினார். 2018-இல் நியூசிலாந்து நண்பர் டெர்ரி ஒரு சீனர் வீட்டுக்கு விருந்துக்குப் போகிறார், எத்தனை மணிக்குப் போகலாம், கையில் என்ன வாங்கிப் போகலாம், மேசையில் எப்படி நடந்துகொள்வது என்று அவருக்குப் பாடம். 2019-இல் லீ ஹுவா லண்டனில் இருந்தார், அங்கே நடக்கும் சீன ஓவியக் கண்காட்சிக்குத் தொண்டராக வரட்டுமா என்று விண்ணப்பம். இத்தனை வெளிநாட்டு நண்பர்களை வைத்துக்கொண்டு இந்த லீ ஹுவா ஒருவரிடமும் வாயைத் திறந்து பேசியதாகத் தெரியவில்லை. எழுதுவதோடு சரி.

அந்தத் தேர்வுக்குப் பெயர் காவ்காவ். நம் காதுக்குக் காக்கை கத்துவதுபோல் இருக்கும், ஆனால் அங்கே வீட்டில் அந்தப் பெயரைச் சொன்னாலே அப்பா அம்மாவுக்கு வயிற்றைக் கலக்கும். 2024-இல் 1 கோடியே 34 இலட்சம் பேர் அதற்குப் பதிந்தார்கள், நம் மலேசியாவின் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஆங்கிலம் ஜூன் 8 பிற்பகல் 3 மணிக்கு. காதால் கேட்டு விடை எழுதும் பகுதி முதலில் வரும் என்பதால் தேர்வு மண்டபத்துக்குப் பக்கத்துச் சாலையில் ஹாரன் அடிக்கத் தடை, கட்டட வேலை நிறுத்தம். ஒரு நாட்டில் ஆங்கிலத்துக்காக ஊரே வாயை மூடிக்கொள்கிறது, அதே தேர்வில் பிள்ளையும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. பெரும்பாலான மாகாணங்களில் 150 புள்ளியில் கேட்பதற்கு 30, வாசிப்புக்கு 50, இடைவெளி நிரப்பும் இரண்டு பகுதிகளுக்கு 30, எழுத்துக்கு 40. கூட்டிப் பாருங்கள், 150 வந்துவிட்டது. பேச்சுக்கு மிச்சம் எதுவும் இல்லை.

சீனர்களே இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், யாபா இங்யூ. ஊமை ஆங்கிலம்.

இதை நான் ஏன் இவ்வளவு ஆர்வமாகச் சொல்கிறேன் என்றால், ஈப்போவில் சீனப் பிள்ளைகள் நிறையப் படிக்கும் ஓர் இடைநிலைப்பள்ளியில் 26 வருடம் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவள் நான். ஆரம்பப் பள்ளியில் ஆறு வருடம் மாண்டரினில் படித்துவிட்டு வரும் பிள்ளைகள். வந்த புதிதில் நானும் எல்லாரையும்போல 'இவர்களுக்குக் கணக்கு வரும், ஆங்கிலம் வராது' என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்குப் பிறகு வெட்கப்பட்டிருக்கிறேன்.

ஒரு சின்ன உதாரணம். நன்றாகப் பேசும் பெண், தன் அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது நடுவில் திடீரென்று 'ஹீ' என்பாள். அடுத்த வாக்கியத்தில் 'ஷீ'. எழுதச் சொன்னால் பிழையே இருக்காது. மாண்டரின் பேச்சில் அவன், அவள், அது மூன்றும் ஒரே ஒலி, 'தா'. எழுதும்போதுதான் எழுத்து வேறுபடும், அந்தப் பெண்பால் எழுத்தே 1920-ஐ ஒட்டித்தான் புழக்கத்துக்கு வந்தது. ஆக அந்தப் பிள்ளைக்குப் பால் வேறுபாடு தெரியாமல் இல்லை, வாய் போகிற வேகத்தில் அதைப் பிரிக்கும் பழக்கம் இல்லை. அவன், அவள், அவர் என்று பிறந்ததிலிருந்து பிரித்துப் பிரித்துப் பேசும் நம் காதுக்கு அது பெரிய பிழையாகக் கேட்கும், புள்ளியில் கை வைத்துவிடுவோம். அதே நேரம் 'மூன்று புக்' என்று பன்மை விட்டுப் பேசினால் நமக்கு அவ்வளவாக உறுத்தாது, நாமே வீட்டில் 'மூணு புத்தகம்' என்றுதானே சொல்கிறோம். 'ஓப்பன் தி லைட்' கேட்கவே வேண்டாம். மாண்டரினில் விளக்கைத் திறப்பார்கள், மலாயிலும் திறப்பார்கள், அதனால் இந்த நாட்டில் தமிழனும் விளக்கைத் திறக்கிறான்! திருத்துகிறவர் காதைப் பொறுத்துப் புள்ளி மாறுகிறது என்பதுதான் நான் சொல்ல வருவது.

அந்தக் காதுக்குத்தான் சீனாவின் தேர்வு பயப்படுகிறது.

காவ்காவ் 1977-இல் மீண்டும் தொடங்கியபோது ஆங்கிலம் அதில் பெரிய ஆள் இல்லை. முழுப் புள்ளி எண்ணப்படும் நிலைக்கு அது 1983-இல்தான் வந்தது. இரண்டே வருடத்தில், 1985-இல், குய் ஷிச்சுன் என்ற மொழியியல் அறிஞர் முன்னின்று குவாங்டோங் மாகாணத்தில் ஒரு புது வகைத் தாளைச் சோதித்துப் பார்த்தார்கள். நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கறுப்படிக்க வேண்டும், இயந்திரம் திருத்தும். இன்றைக்கு அதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் இலட்சக்கணக்கான பிள்ளைகள், ஒரு புள்ளி குறைந்தால் பல்லாயிரம் பேருக்குப் பின்னால் போய்விடுவான், கிராமத்து விவசாயி மகனும் நகரத்து அதிகாரி மகனும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள், அந்த இடத்தில் யாருடைய முகத்தையும் குரலையும் பார்க்காத இயந்திரம் என்பது ஏழைப் பிள்ளையின் பக்கம் நிற்கும் ஒரு சாமான். பேச்சுத் தேர்வு என்றால் எதிரில் ஒரு மனிதர் உட்கார வேண்டும். மனிதர் வந்தாலே சிபாரிசு வரும், சிபாரிசு வராவிட்டாலும் வந்திருக்குமோ என்ற சந்தேகம் வரும்.

அந்தச் சந்தேகம் எவ்வளவு கூர்மையானது என்பதை 2018-இல் ஜெஜியாங் மாகாணத்தில் பார்த்தார்கள். அங்கே ஆங்கிலத்தை வருடத்தில் இரண்டு முறை எழுதலாம், எது அதிகமோ அதை வைத்துக்கொள்ளலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு தாளும் ஒரே அளவு கடினமாக இருந்தால்தானே அது நியாயம்? அந்த நவம்பர் தாள் கடினமாகப் போய்விட்டது என்று, சில கேள்விகளுக்கு மட்டும் கணக்குப் போட்டுப் புள்ளியைக் கூட்டிக் கொடுத்தார்கள். தேர்வுக் கலையில் இது கேள்விப்படாத விஷயம் இல்லை, தாள்களுக்கிடையே சமன்செய்வது உலகம் முழுக்க நடப்பதுதான், ஆனால் அதை எப்படிச் செய்யப்போகிறோம் என்று முன்னாலேயே அறிவித்துவிட்டுச் செய்ய வேண்டும், இவர்கள் தாளை எழுதி முடித்த பிறகு செய்தார்கள். நவம்பர் கடைசியில் புள்ளிகள் வெளியானதும் பெற்றோர்கள் கொதித்துவிட்டார்கள். விசாரணை வந்தது, டிசம்பர் 5-ஆம் தேதி கூட்டிக் கொடுத்ததெல்லாம் ரத்து, பழைய புள்ளியே செல்லும் என்றார்கள், மாகாணக் கல்வித் துறையை நடத்தியவரின் பதவியும் போனது. சில புள்ளிகளுக்கு இத்தனை! இதைப் பார்த்த பிறகு எந்த அதிகாரி துணிந்து, "உட்காரு தம்பி, ஐந்து நிமிடம் பேசுவோம், நான் புள்ளி போடுகிறேன்" என்பார்?

சரி, எழுத்தையாவது மனிதர்தானே திருத்துகிறார் என்று கேட்பீர்கள். ஆமாம். விடைத்தாளை ஸ்கேன் செய்து திரையில் காட்டுவார்கள், இரண்டு பேர் தனித்தனியே திருத்துவார்கள், இடைவெளி பெரிதாக இருந்தால் மூன்றாமவரிடம் போகும். திருத்துகிறவர் முன்னால் ஆயிரக்கணக்கான லீ ஹுவாக்கள் வரிசையாக வந்துகொண்டே இருப்பார்கள். அதனால் என்ன நடந்தது தெரியுமா, பிள்ளைகள் ஆங்கிலக் கையெழுத்தையே மாற்றிக்கொண்டார்கள்! ஹெபெய் மாகாணத்து ஹெங்ஷுய் என்ற ஊரின் பெயரால் ஒரு கையெழுத்து இருக்கிறது, ஒவ்வோர் எழுத்தும் அச்சில் வார்த்ததுபோல் உருண்டையாக, ஒன்றோடொன்று ஒட்டாமல், சோர்ந்த கண்ணும் தடுக்காமல் படிக்கும்படி. அதற்குப் பயிற்சிப் புத்தகங்கள் விற்கிறார்கள். கூடவே மனப்பாட வாக்கியங்கள், 'சமுதாயம் வளர வளர', 'ஒவ்வொரு நாணயத்துக்கும் இரண்டு பக்கம்' என்கிற ஜாதி.

சொற்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, 3,500 என்று பாடத்திட்டப் பட்டியல் பல காலம் இருந்தது. அகரவரிசையில் அடித்த சொல் புத்தகங்களில் முதல் சொல் 'அபாண்டன்', அதாவது கைவிடு. பாதிப் பேர் அந்தச் சொல்லை மட்டும் கற்றுக்கொண்டு அதன்படியே செய்தும்விடுகிறார்கள் என்று அங்கே ஒரு பழைய வேடிக்கை.

ஆனால் ஒரு நல்ல காரியமும் செய்தார்கள், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். 2016-இல் ஜெஜியாங்கில் தொடங்கி, இப்போது பல மாகாணங்களுக்குப் பரவியிருக்கிறது. ஒரு கதையைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள், அடுத்து வரும் இரண்டு பத்திகளின் முதல் வரியை மட்டும் கொடுத்துவிட்டு, மீதியை நீ எழுது, சுமார் 150 சொல், 25 புள்ளி என்பார்கள். படித்தது புரிந்தால்தான் எழுத முடியும், படித்த கதையிலேயே வேண்டிய சொல்லும் வாக்கிய அமைப்பும் இருக்கும், எடுத்துக்கொள்ளலாம். வாங் சூமிங் என்ற பேராசிரியர் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார், ஒருவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து சொல்வதில்தான் மொழி வளர்கிறது என்பது அவர் கட்சி. என் வகுப்பில் நானும் இதைச் செய்து பார்த்தேன். கட்டுரை என்றால் பேனாவைக் கடிக்கும் பையன்கள் தொலைந்துபோன நாயைக் கண்டுபிடிக்க ஒன்றரைப் பக்கம் எழுதினார்கள், காலம் இறந்தகாலமா நிகழ்காலமா என்று தெரியாமல்தான், ஆனால் நாய் கிடைத்துவிட்டது. டியூஷன்காரர்கள் இதையும் சும்மா விடவில்லை, எந்தக் கதையாக இருந்தாலும் நடுவில் கண்ணீர் ததும்பும், இதயம் படபடக்கும், கடைசி வரியில் சூரிய ஒளி முகத்தில் விழும். அது வேறு விஷயம்.

பேச்சைச் சேர்த்த இடங்களும் உண்டு. குவாங்டோங் 2011 முதல் கணினி முன்னால் உட்கார வைக்கிறது. ஒரு காணொளியைப் பார்த்து அதன் குரலைப்போலவே படிக்க வேண்டும், அப்புறம் ஒரு பாத்திரமாக நின்று கேள்வி கேட்க வேண்டும், பதில் சொல்ல வேண்டும், கடைசியில் ஒரு கதையைக் கேட்டுத் திரும்பச் சொல்ல வேண்டும். பெய்ஜிங்கில் 2021-இலிருந்து கேட்பதும் பேசுவதும் சேர்ந்து 50 புள்ளி, அதுவும் கணினியில். மனிதர் இல்லாமல் பேச்சை அளக்கிறார்கள், சந்தேகத்துக்கு இடமில்லை. எனக்கு இதில் அரை மனசுதான். ஒன்றுமே இல்லாததற்கு இது மேல், பிள்ளை வாயையாவது திறக்கிறான், அதனால் பள்ளியும் பேச்சுக்கு நேரம் ஒதுக்குகிறது. ஆனால் நான் திணறினால் கணினி காத்திருக்குமா, முகத்தைப் பார்த்துக் கேள்வியை எளிதாக்குமா?

ஹாங்காங் வேறு வழியில் போனது. கான்டனீஸ் பேசும் பிள்ளைகள், 2012-இல் தொடங்கிய அவர்களுடைய தேர்வில் நாலு பேரை ஒன்றாக உட்கார வைத்து, பத்து நிமிடம் யோசிக்க விட்டு, எட்டு நிமிடம் பேச விடுகிறார்கள். பேச்சு என்றால் இதுதான் பேச்சு. ஆனால் ஒருத்தன் வாயாடியாக வந்து சேர்ந்தால் மற்ற மூன்று பேர் 'ஐ அக்ரீ வித் யூ' என்று சொல்லிக்கொண்டே எட்டு நிமிடத்தை ஓட்டிவிடலாம்.

இங்கே இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் நம் எஸ்பிஎம் தேர்வின் ஆங்கிலத்தில் இப்போது வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் நாலுக்கும் சம பங்கு, பேச்சில் இரண்டு இரண்டு பேராக வருவார்கள். ஓர் ஆசிரியர் பேசுவார், இன்னொருவர் ஓரமாக உட்கார்ந்து வாயே திறக்காமல் புள்ளி போடுவார். கடைசி இரண்டு வருடம் அந்த ஓரத்து நாற்காலி என்னுடையது.

ஒருநாள் இரண்டு ஐந்தாம் படிவப் பையன்கள் வந்தார்கள். ஒருத்தன் டியூஷனில் தயார் செய்யப்பட்டவன், மளமளவென்று கொட்டினான். இன்னொருத்தன் மெதுவானவன், எஸ் ஒலியெல்லாம் கடைசியில் தேய்ந்துபோகும், தனியாகப் பேசும் பகுதியில் மூன்று வாக்கியம்தான் வந்தது. அப்புறம் இருவரும் சேர்ந்து பேசும் பகுதி. கேட்ட விஷயம் முதலாமவன் மனப்பாடம் செய்ததில் இல்லை போலிருக்கிறது, பாதியில் நின்றுவிட்டான். முகம் வெளுத்துவிட்டது. அறையில் விசிறி சத்தம் மட்டும். அந்த மெதுவான பையன் அவன் பக்கம் லேசாகத் திரும்பி, "யூ திங்க்... பஸ் ஆர் ட்ரெய்ன்? மீ, ட்ரெய்ன். பஸ் ஆல்வேஸ் லேட், லா. அண்ட் யூ?" என்றான். மற்றவன் மூச்சு விட்டான், "பஸ், பிகாஸ்" என்று ஆரம்பித்தான், பேச்சு மறுபடி ஓடியது.

வினைச்சொல்லைத் தேடினால் பாதி வாக்கியத்தில் இல்லை. நம் ஊர்ப் பேச்சில் வால்போல ஒட்டிக்கொள்ளும் 'லா' வேறு. நான் தாளைப் பார்த்தேன், இலக்கணத்துக்கு ஒரு கட்டம், சொல்வளத்துக்கு ஒரு கட்டம், அந்த இரண்டிலும் அவனுக்கு எவ்வளவு போட வேண்டுமோ அவ்வளவுதான் போட்டேன், அதில் தயவு காட்டவில்லை. எதிரில் இருப்பவரோடு சேர்ந்து பேசத் தெரிகிறதா என்று பார்க்கும் கட்டத்துக்கு வந்ததும், மளமளவென்று கொட்டியவனைவிட இவனுக்கு அதிகம் போட்டேன். முடிந்த பிறகு எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்ட ஆசிரியர், "இவனுக்கா?" என்று கேட்டார். "ஆமாம், இவனுக்குத்தான்" என்றேன். அடுத்த ஜோடி கதவைத் தட்டிவிட்டது.

நன்றி, வணக்கம்.