முதல் வரியிலேயே சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். ஆலை நிர்வாகத்திலும் மனிதவளப் பிரிவிலும் இருப்பவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். வேலை போகும் செய்தியை ஊழியர்களிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் இன்றைய பேச்சு. அதனால் நேராக ஒரு கடிதத்திலிருந்தே தொடங்குகிறேன்.

2014 ஜூலை 17. நோக்கியாவின் கைப்பேசித் தொழில் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போய் மூன்று மாதம்கூட முடியவில்லை. பிரிவின் தலைவர் ஸ்டீபன் ஈலோப் ஊழியர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். ஹலோ என்று ஆரம்பிக்கிறது. அப்புறம் நிறுவனத்தின் இலக்கு, எந்தப் போன் யாருக்கு, எந்தக் குழு எந்த ஊரில் என்று பத்தி பத்தியாகப் போகிறது. அதையெல்லாம் தாண்டித்தான் செய்தி வருகிறது: அடுத்த ஓராண்டில் சுமார் 12,500 பேருக்கு வேலை இருக்காது.

அதைப் படித்தவரின் நாற்காலியில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். "என் வேலை என்னாகும்?" இதற்குப் பதில் கிடைக்கும்வரை வேறு எதுவும் மண்டையில் ஏறாது. கிடைத்த பிறகோ, மேலே எழுதியது அத்தனையும் தன்னிடமிருந்து மறைப்பதற்காக எழுதியதாகவே அவருக்குத் தோன்றும்.

சரி, உண்மையைப் போட்டு உடைத்தால் போதுமா? 2011 பிப்ரவரியில், நோக்கியாவின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்தபோது, அதே ஈலோப் அப்படித்தான் செய்தார். வட கடலில் எண்ணெய் மேடை தீப்பற்ற, உயிர் தப்ப உறையும் நீரில் குதித்த ஒருவரின் கதையைச் சொல்லி, நாமும் எரியும் மேடையில்தான் நிற்கிறோம் என்று ஊழியர்களுக்கு எழுதினார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் கடிதம் கசிந்து உலகமே படித்துவிட்டது. பிப்ரவரி 11 அன்று, நோக்கியா தன் போன்களில் இருந்த சிம்பியன் மென்பொருளை விட்டு மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போன் மென்பொருளுக்கு மாறுவதாக அறிவிப்பும் வந்தது. அந்தப் புது மென்பொருளோடு முதல் லூமியா போன் கடைக்கு வந்ததோ நவம்பரில். இடையில் ஒன்பது மாதம், தலைவரே எரிகிறது என்று சொன்ன சரக்கைக் கடைக்காரர் எந்த முகத்தோடு விற்பார்? மே மாதக் கடைசியிலேயே நோக்கியா தன் விற்பனைக் கணிப்பைக் குறைக்க வேண்டியிருந்தது. ஐபோனும் ஆண்ட்ராய்டும் ஏற்கெனவே நெருக்கிக்கொண்டிருந்தன. பழியை ஒரு கடிதத்தின் மேல் மட்டும் போட மாட்டேன். ஊழியருக்கு எழுதுவதை விநியோகஸ்தரும் வாங்குபவரும் படிப்பார்கள் என்பதை மட்டும் எழுதும்போதே நினைவில் வைக்க வேண்டும்.

இதே நோக்கியா நன்றாகச் செய்ததும் உண்டு. 2008இல் ஜெர்மனியின் போஹும் ஆலையை மூடுவதாக அறிவித்து, 2,300 பேர் வேலை போகும் என்றதும் ஊரே தெருவுக்கு வந்தது. அந்த அடிக்குப் பிறகு, 2011இல் பிரிட்ஜ் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். உள்ளேயே வேறு வேலை, வெளியில் வேலை தேட உதவி, புதுப் படிப்பு, சொந்தத் தொழிலுக்குப் பணம் என்று வழிகளையும் சேர்த்துச் சொன்னார்கள்.

நம் ஸ்ரீபெரும்புதூருக்கு வருவோம். 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை, வரி வழக்கால் மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தத்தில் சேரவில்லை. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. இப்படி முடிவு நீதிமன்றத்திலும் இன்னொரு நிறுவனத்திடமும் மாட்டிக்கொண்டிருக்கும்போது நிர்வாகத்திடமே பதில் இருக்காது. அப்போதும் வாய் மூடாதீர்கள். இது தெரியும், இது தெரியாது, அடுத்து இந்தத் தேதியில் பேசுவோம் என்று சொல்லுங்கள். அதையும் முதலில் லைன் சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது, "அண்ணா, நாளைக்கு வரணுமா?" என்று லைனில் வேலை பார்க்கும் பெண்கள் கேட்கப்போவது அவரிடம்தான்.