மெடிக்கலில் எதையும் மறைக்க வேண்டாம்

நேயர்களுக்கு வணக்கம். சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்க முன்னர், தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் மருத்துவச் சான்றிதழ் வேண்டும். நாங்கள் அதை 'மெடிக்கல்' என்போம். கண் பார்வை, பிரஷர் எல்லாம் பார்ப்பார்கள். சீனி வருத்தம், வலிப்பு உண்டா என்றும் கேட்பார்கள். "ஒன்றும் இல்லை என்று சொல்லு தம்பி" என்று வாசலிலேயே யாராவது புத்தி சொல்லி அனுப்புவார்கள். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள்.

கிளினிக்கில் நான் அடிக்கடி காணும் ஒரு காட்சி. சீனிப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுப்பதற்காக வெறும் வயிற்றோடு விசுவமடுவிலிருந்து ஒரு ஐயா மோட்டார் சைக்கிளில் வருவார். சாப்பாட்டை விட்டவர், காலையில் போடும் சீனி மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டிருப்பார். வரிசையில் நிற்கும்போதே நெற்றி வியர்க்கும், கை நடுங்கும், கேட்ட கேள்விக்குப் பதில் பிந்தும். இன்சுலினோ கிளிக்ளசைட் போன்ற மாத்திரையோ பாவிப்பவருக்கு இரத்தத்தில் சீனி டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் இப்படித்தான் வரும். இதே நடுக்கம் பரந்தன் வீதியில், எதிரே டிப்பர் வரும்போது வந்திருந்தால்?

அப்படி வந்தால் உடனே ஓரமாக நிறுத்துங்கள். மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் குடித்து, பிறகு சாப்பிடுங்கள். உடம்பு சரியாகிவிட்டது போலத் தெரிந்தாலும் மூளை தெளிய நேரம் எடுக்கும். இரத்தத்தில் சீனி சரியான அளவுக்கு வந்து முக்கால் மணி நேரமாவது போகட்டும், அதன் பிறகே ஓட்டுங்கள். சேர்ட் பையில் நாலு டொபி எப்போதும் இருக்கட்டும்.

அடுத்தது கண்புரை. பகலில் குறை பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். இரவில் எதிர் வாகன வெளிச்சம் பட்டால் கண் கூசி, தார் வீதியில் படுத்திருக்கும் மாடு மறைந்துவிடும். சத்திரசிகிச்சை செய்துகொண்டால் பெரும்பாலும் திரும்ப நன்றாக ஓட்டலாம்.

வலிப்பு வேறு. அதில் மருத்துவர் சொல்லும் காலம் வரை கைப்பிடியைத் தொடவே கூடாது. வீட்டாருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

போரில் காலை இழந்த எங்கள் பிள்ளைகள் பலர் கேட்காமலே ஒதுங்கிவிடுகிறார்கள். கையால் இயக்கும்படி மாற்றிய வாகனங்கள் உண்டு, அம்மா. முடியுமா முடியாதா என்பதைப் பரிசோதிப்பவர் சொல்லட்டும். நீங்களாக முடிவெடுக்காதீர்கள்.

மெடிக்கலுக்குப் போகும்போது கிளினிக் கொப்பி, மாத்திரை அட்டைகள், கண்ணாடி மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள். காலைச் சாப்பாட்டையும் சாப்பிட்டுவிட்டுப் புறப்படுங்கள்.