ஃபைன் கட்டிவிட்டால் முடிந்துவிடுமா?

நேயர்களுக்கு வணக்கம். நானூறு ரூபாய் கிரீம் ஒன்று, பில் போடாமல் கைப்பைக்குள் போய்விடுகிறது. வாசலில் செக்யூரிட்டி நிறுத்துகிறார். மேனேஜர் அறையில் கேமரா பதிவைப் போட்டுக் காட்டுகிறார்கள். வழக்கறிஞர்களான எங்களிடம் வருகிறவர்கள், பெரும்பாலும் அதற்கு அப்புறம் நடந்ததைச் சொல்லித்தான் அழுவார்கள்.

"பத்து மடங்கு கட்டு, இல்லையென்றால் போலீஸ்" என்பார்கள். அபராதம் போடும் அதிகாரம் எந்தக் கடைக்கும் கிடையாது. பொருளின் விலையைக் கேட்கலாம். மிரட்டிப் பறித்தால் அதுவே குற்றம். எழுதிக் கொடுக்கச் சொன்னாலும் அவசரப்பட வேண்டாம். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. மேனேஜருக்கு எழுதிக் கொடுத்த கடிதம் சாட்சியமாக வரலாம்.

சரி, வழக்கே வந்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில் திருட்டுக்கு 303(2) பிரிவு. 3 ஆண்டு வரை சிறை. ஆனால் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, முதல் தடவையாகவும் இருந்து, பொருளையோ விலையையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவைதான். இந்தச் சின்னத் திருட்டில் ஜாமீன் உங்கள் உரிமை; வாரண்ட் இல்லாமல் கைது செய்யவும் கூடாது. கடைக்காரர் சம்மதித்தால் சமாதானமாகவே வழக்கை முடித்துக்கொள்ளலாம்.

ஒரு சிக்கல் உண்டு. கடையும் பொருள் வைத்துப் பாதுகாக்கும் கட்டடம்தானே என்று 305-ஆம் பிரிவைப் போட்டுவிட்டால், 7 ஆண்டு வரை போகும். மேலே சொன்ன சலுகைகளும் கைநழுவும். எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கியதும் முதலில் பிரிவு எண்ணைப் பாருங்கள்.

எனக்கு எப்போதும் எரிச்சல் தருவது, கோர்ட் வராந்தாவில் கிடைக்கும் ஓர் அறிவுரை: "ஒத்துக்கோம்மா, ஃபைன் கட்டிட்டு வீட்டுக்குப் போகலாம்." நூறு ரூபாய் ஃபைன் என்றாலும் அது குற்றத்தீர்ப்புதான். சமூக சேவையும் அப்படியே. நாளைக்கு அரசு வேலைக்குப் போலீஸ் விசாரணை வரும்போது அது எழுந்து நிற்கும். மறதியாக நடந்திருந்தால் வழக்கை நடத்துங்கள். நேர்மையற்ற எண்ணம் இல்லாமல் திருட்டே இல்லை. தப்பு செய்தது உண்மை என்றால், 1958-ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின்படி விடச் சொல்லி வாய்விட்டுக் கேளுங்கள். மாஜிஸ்திரேட் கண்டித்து அனுப்பிவிடலாம். நன்னடத்தைப் பிணையில் விடலாம். தீர்ப்பால் வரும் தகுதியிழப்பை அந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு நீக்குகிறது. கேட்காமலே நீதிபதி கொடுப்பார் என்று சும்மா நிற்காதீர்கள்.

பதினெட்டு வயது ஆகாத பிள்ளை என்றால் பாதையே வேறு. விசாரணை இளைஞர் நீதிக் குழுமத்தில்தான் நடக்கும். லாக்கப்பில் வைக்கக் கூடாது.

வக்கீல் வைக்கப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. எண் 15100. முதல் வாய்தாவுக்கு முன்பே கூப்பிடுங்கள். வணக்கம்.