"எங்கள காலனியாவே வச்சுக்கோ!"னு துப்பாக்கி தூக்குன குட்டித் தீவு | டாட் ஏஐ-க்கு பின்னாடி இருக்குற கதை

"இதுக்கு வெள்ளைக்காரனே இருந்திருக்கலாம்பா."

கரண்ட் போனாலோ ரேஷன் கடைல சர்வர் டவுன்னு சொன்னாலோ நம்ம ஊர் டீக்கடை பெஞ்சுல ஒரு பெருசு கண்டிப்பா இந்த டயலாக்க எடுத்து விடும், நாமளும் சிரிச்சுட்டு டீய குடிச்சுட்டு கெளம்பிடுவோம். ஆனா ஒரு தீவு, மொத்தத் தீவும், இத சீரியஸா எடுத்துக்கிச்சு மக்களே. போலீஸ வெரட்டி விட்டாங்க, ரன்வேல தகர டிரம்ம உருட்டி ஃப்ளைட் எறங்க முடியாம பண்ணாங்க, ஓட்டெடுப்பு நடத்துனாங்க. எதுக்கு? பிரிட்டன் எங்கள விட்டுட்டு போகக் கூடாதுன்னு! அதுக்கு பிரிட்டன் என்ன பண்ணுச்சு தெரியுமா? அந்தத் தீவு மேலயே படையெடுத்துச்சு.

அது மட்டும் இல்ல, இன்னிக்கு நீங்க பாக்குற நெறைய ஏஐ கம்பெனி வெப்சைட் அட்ரஸ் டாட் ஏஐ-னு முடியுதுல்ல, அந்தக் காசு போறதும் இதே தீவுக்குத்தான். வீடியோவ ஓட்டி ஓட்டிப் பாக்காதீங்க, கடைசில ஒரு மேட்டர் வச்சிருக்கேன், செம மேட்டர்.

(மேப்: கரீபியன் கடல், அப்படியே ஜூம்)

ஊர் பேரு ஆங்குவிலா. நீளம் 26 கிலோமீட்டர், அகலம் அஞ்சாறு கிலோமீட்டர், பரப்பளவு 91 சதுர கிலோமீட்டர், அதாவது பழைய சென்னை மாநகராட்சி எல்லைல ஏறக்குறைய பாதிதான். பேருக்கு அர்த்தம் விலாங்கு மீன், ஏன்னா மேப்ல பாத்தா அப்படித்தான் நெளிஞ்சு கெடக்கும். நம்ம ஊர்ல விலாங்க பத்தி ஒரு பழமொழி இருக்குல்ல, பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும்னு, அத இப்ப ஞாபகத்துல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

பேக்ரவுண்ட வேகமா ஓட்டிடறேன், தூங்கிடாதீங்க. 1650ல இங்கிலீஷ்காரன் வந்தான். மழை கம்மி, மண்ணு சரியில்ல, கரும்பு சரியா வரல. 1834ல அடிமை முறைய ஒழிச்சாங்க, நஷ்டத்துல இருந்த தோட்ட முதலாளிங்க ஒவ்வொருத்தரா கழண்டுக்கிட்டாங்க, நெலம் மெல்ல மெல்ல விடுதலையான கறுப்பின மக்கள் கைக்கே வந்துச்சு. இது ரொம்ப முக்கியம். பக்கத்துத் தீவுல எல்லாம் ஜனங்க இன்னொருத்தன் கரும்புத் தோட்டத்துல கூலி, இங்க ஒவ்வொரு குடும்பத்துக்கும் காணி நெலம், ஒரு படகு, நாலு ஆடு, உப்பளத்துல வேலை. ஏழைங்கதான், ஆனா யாருக்கும் கை கட்டி நின்னு பழக்கம் இல்ல.

இப்ப பிரச்சனைக்கு வருவோம். லண்டன்ல உக்காந்திருந்தவனுக்கு இந்தத் துண்டு துக்கடாவ தனியா நிர்வாகம் பண்றது செலவு. அதனால 1825ல இருந்தே செயின்ட் கிட்ஸ்னு இன்னொரு தீவோட வாலா கட்டி விட்டுட்டான். ரெண்டுக்கும் நடுவுல சுமார் 110 கிலோமீட்டர் கடல். ஆங்குவிலா ஜனங்களுக்கு இது அன்னிக்கே பிடிக்கல. 1872லயே மனு எழுதுறாங்க: "எங்கள செயின்ட் கிட்ஸ் கிட்ட இருந்து பிரிச்சு நேரா நீங்களே ஆளுங்க"ன்னு. ஃபைல் எங்கயோ தூங்கிடுச்சு, அதெல்லாம் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான் போல.

கட் பண்ணா 1967. பிரிட்டன் கடைய கட்டுற நேரம். செயின்ட் கிட்ஸ், நெவிஸ், ஆங்குவிலா மூணையும் ஒரே மூட்டையா கட்டி, பிப்ரவரி 27ம் தேதி, "இந்தாங்க, உள்நாட்டு விவகாரம் எல்லாம் இனிமே நீங்களே பாத்துக்கோங்க, ராணுவமும் வெளியுறவும் மட்டும் எங்க கிட்ட இருக்கட்டும்"னு குடுத்தாச்சு. சட்டசபைல தேர்ந்தெடுக்குற சீட்டு 10. அதுல செயின்ட் கிட்ஸுக்கு 7, நெவிஸுக்கு 2, ஆங்குவிலாவுக்கு 1. ஒண்ணே ஒண்ணு. அப்ப ஆங்குவிலால பைப் தண்ணி இல்ல, தார் ரோடு இல்ல, ஊருக்கு கரண்ட் இல்ல. சுதந்திரம்னா இதையெல்லாம் யார் கிட்ட போய் கேக்குறது? ராபர்ட் பிராட்ஷா கிட்ட.

யார் இந்த பிராட்ஷா? செயின்ட் கிட்ஸ் தலைவரு. சர்க்கரை ஆலைத் தொழிலாளியா இருந்து யூனியன் லீடரா வளந்த மனுஷன், உண்மையிலேயே கூலிக்காரங்களுக்காக போராடுனவரு. கூடவே ஒரு பழைய ரோல்ஸ் ராய்ஸ்லயும் பவனி வருவாரு, அது வேற டிபார்ட்மென்ட். ஆங்குவிலால தோட்டக் கூலியே இல்லாததால அவரு யூனியனுக்கு அங்க வேலையும் இல்ல, ஓட்டும் இல்ல. ஓட்டு இல்லாத ஊருக்கு ரோடு வருமா? இத நான் உங்களுக்கு விளக்கணுமா என்ன. கனடா குடுத்த காசுல ஆங்குவிலாவுக்குன்னு வர வேண்டிய ஜெட்டி செயின்ட் கிட்ஸ்லயே கட்டப்பட்டுச்சுன்னு அந்த ஊர்க்காரங்க இன்னிக்கும் புலம்புவாங்க.

இங்கதான் காலனிக்குள்ளயே இருந்துடறோம்னு சொல்றவங்களோட வாதம் என்னன்னு உத்து பாக்கணும். நாம என்ன நெனைப்போம், ராணி மேல பக்தி, வெள்ளைக்காரன் கால நக்குறவங்கன்னு. அப்படி இல்ல பாஸ். இது பங்காளி மேட்டர். எங்க ஊர்ல பொதுக் கெணறு ஒண்ணு, நாலு பங்கு, மோட்டார் ஆளுக்கு ஒரு நாள் முறை. பெரியப்பா முறை வந்தா ராத்திரியும் மோட்டார் ஓடும், நம்ம முறை வந்தா ஃபியூஸ் போயிருக்கும். கடைசில எங்க தாத்தா சொன்னாரு, "கச்சேரிக்கு கேஸ் போட்டு ஜட்ஜு கையில குடுத்துடலாம்டா, அவனுக்கு நம்மள தெரியாது, அதனால நியாயம் கெடைக்கும்." ஆங்குவிலாக்காரன் சொன்னதும் இதேதான். லண்டன்காரனுக்கு எங்க மேல பாசம் இல்ல, பகையும் இல்ல. பக்கத்துத் தீவுக்காரனுக்கு பகை இருக்கு.

இது புது வாதமும் இல்ல. அமெரிக்க சுதந்திரப் போராட்டம் சூடு பிடிக்கிற நேரத்துல பாஸ்டன்ல மேதர் பைல்ஸ்னு ஒரு பாதிரியார் இருந்தாரு, ராஜா கட்சி. ஜனக்கூட்டத்த பாத்து அவரு சொன்னதா ஒரு வசனம் சொல்வாங்க: மூவாயிரம் மைல் தள்ளி ஒரே ஒரு கொடுங்கோலன் இருக்குறது நல்லதா, ஒரு மைல் தள்ளி மூவாயிரம் கொடுங்கோலனுங்க இருக்குறது நல்லதான்னு. தோத்த கட்சி டயலாக்னாலும் வெயிட்டான டயலாக்.

ஓகே ஆக்ஷனுக்கு வருவோம். 1967 மே 30: செயின்ட் கிட்ஸ் போலீஸ் மொத்தத்தையும் ஃப்ளைட்ல ஏத்தி ஊருக்கு அனுப்பிட்டாங்க. ஜூன் மாசம் நம்மாளுங்க கொஞ்ச பேரு படகுல போயி செயின்ட் கிட்ஸ் மேலயே ராத்திரில அட்டாக் பண்ணப் பாத்து, சொதப்பிட்டு வந்தாங்க. ஜூலை 11 ஓட்டெடுப்பு: செயின்ட் கிட்ஸ விட்டு பிரியலாம் 1813, வேணாம் 5. அந்த அஞ்சு பேர நெனச்சு பாருங்க. 6000 பேர் இருக்குற தீவு, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், அடுத்த நாள் காலைல கடைக்கு எப்படி போயிருப்பாங்க!

பிரிட்டன் என்ன சொல்லுச்சு? "சட்டப்படி நாங்க தலையிட முடியாதுங்க, உள்நாட்டு விவகாரம்." இப்ப ஆங்குவிலா என்ன பண்ணுச்சுன்னா, நீ சேத்துக்கலைன்னா நான் தனி நாடா போயிடுவேன்னு மெரட்ட ஆரம்பிச்சுச்சு. அதாவது காலனியா இருக்க விடலைன்னா சுதந்திரம் வாங்கிடுவேன் பாத்துக்கோ! உலக வரலாத்துல இப்படி ஒரு மெரட்டல் நான் கேள்விப்பட்டதே இல்ல. விலாங்கு ஞாபகம் இருக்கா? செயின்ட் கிட்ஸுக்கு தலைய காட்டி சீறுது, லண்டனுக்கு வால ஆட்டுது.

காசு வேணுமே? சான் ஃபிரான்சிஸ்கோல சில பேரு வந்து சேந்தாங்க, பழைய மெக்சிகோ, பெரு வெள்ளிக் காச வாங்கி அது மேலயே ஆங்குவிலா பேர குத்தி "லிபர்ட்டி டாலர்"னு வித்தாங்க. நியூயார்க் டைம்ஸ்ல ஒரு பெரிய விளம்பரமும் வந்துச்சு, அதோட சாரம் என்னன்னா, பெரிய ஹோட்டல்காரன உள்ள விட்டு நாங்க எச்சித்தட்டு எடுக்குற நாடா மாற விரும்பல, அதனால நன்கொடை குடுங்கன்னு. எனக்கு இந்த ஊர ரொம்ப பிடிச்சுப் போச்சு மக்களே.

1969 பிப்ரவரில இன்னொரு ஓட்டெடுப்பு, இந்த வாட்டி குடியரசுக்கு. ஆதரவு 1739, எதிர்ப்பு 4. அஞ்சு பேர்ல ஒருத்தர் மனசு மாறிட்டாரு போல.

மார்ச் 11. லண்டன்ல இருந்து வில்லியம் விட்லாக்னு ஒரு இணை அமைச்சர் சமாதானம் பேச வராரு. ஜனங்க ஏர்போர்ட்ல பிரிட்டிஷ் கொடியோட நின்னு "காட் சேவ் த குயின்" பாடுறாங்க! புரட்சிக்காரங்க பாஸ் இவங்க! தலைவர் ரொனால்ட் வெப்ஸ்டர் மதியச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு பண்ணி வச்சிருக்காரு. வந்த மனுஷன் என்ன பண்ணாரு, நோட்டீஸ கோழிக்கு தீனி எறியற மாதிரி கூட்டத்துல வீசிட்டு, வெப்ஸ்டர் சாப்பாட்ட தொடாம வேற எடத்துக்கு சாப்பிடப் போயிட்டாரு. எல வச்சுக் காத்திருக்குற வீட்டுக்கு வராம பக்கத்து வீட்டுல போய் சாப்பிட்டா நம்ம ஊர்லயே ரெண்டு தலைமுறைக்கு பேச்சுவார்த்தை இருக்காது. சாயங்காலத்துக்குள்ள துப்பாக்கியோட சுத்தி நின்னு ஃப்ளைட் ஏத்தி அனுப்பிட்டாங்க.

லண்டன்ல பத்திக்கிச்சு. தீவ ஏதோ ரவுடிக் கும்பல் புடிச்சிருக்கு, மாஃபியா இருக்குன்னு பேச்சு. பிரதமர் ஹரால்ட் வில்சன். மார்ச் 19 விடியக்காலைல ரெண்டு போர்க்கப்பல், 300 பேருக்கு மேல பாராட்ரூப்பர், கூடவே லண்டன் மெட்ரோபாலிட்டன் போலீஸ்காரங்க. ஆபரேஷன் பேரு ஷீப்ஸ்கின். ஆட்டுத்தோல்! ஆடு மேயிற தீவுக்கு பொருத்தமாத்தான் வச்சிருக்காங்க. இருட்டுல சோல்ஜர் எல்லாம் பதுங்கிப் பதுங்கி கரையேறுறாங்க, பளிச் பளிச்னு வெளிச்சம், ஐயையோ சுடறாங்க! பாத்தா, ரிப்போர்ட்டருங்க ஃப்ளாஷ் போட்டு ஃபோட்டோ எடுக்குறாங்க. படையெடுப்பு நடக்கப் போறது பத்திரிகைக்காரனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு.

(இந்த எடத்துல மீம் போட்டுக்கோ எடிட்டர் தம்பி, வடிவேலு வேணாம், போன வாட்டி ஸ்ட்ரைக் வந்துச்சு)

ஒரு உயிர் போகல. மாஃபியாவும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. உலகப் பத்திரிகை எல்லாம் கழுவி ஊத்துச்சு, கியூபால அமெரிக்கா சொதப்புன "பே ஆஃப் பிக்ஸ்" மாதிரி இது "பே ஆஃப் பிக்லெட்ஸ்", பன்னிக்குட்டி வளைகுடான்னு பேரு வச்சாங்க.

ஆனா யோசிச்சு பாருங்க, ஆங்குவிலா கேட்டதே பிரிட்டன் வரணும்னுதானே? வந்துட்டான்ல! முதல்ல ஜனங்களுக்கு கோவம்தான், அப்புறம் ராணுவ இன்ஜினியருங்க ரோடு போட்டாங்க, ஸ்கூல் கட்டுனாங்க, கரண்டும் வந்துச்சு. படையெடுக்கப்பட்டு ஜெயிச்ச ஊரு இது. 1971ல லண்டன்லயே தனிச் சட்டம் போட்டு நிர்வாகத்த ஏத்துக்கிட்டாங்க, 1980 டிசம்பர் 19 அதிகாரப்பூர்வமா பிரிஞ்சாச்சு. 1983ல செயின்ட் கிட்ஸும் நெவிஸும் சுதந்திர நாடாச்சு. அங்க நெவிஸும் 1998ல பிரிஞ்சு போக ஓட்டெடுப்பு வச்சு 60 சதவீதத்துக்கு மேல வாங்கியும், மூணுல ரெண்டு பங்கு வேணும்ங்கிற ரூல்ல தோத்துச்சு.

பிராட்ஷா பக்கமும் கொஞ்சம் பேசணும், இல்லைன்னா கமெண்ட்ல அடிக்க வருவீங்க. அவரு கேட்டது நியாயமான கேள்வி: இன்னிக்கு 6000 பேர் பிரியலாம்னா நாளைக்கு 600 பேர் பிரிவான், வெள்ளைக்காரன் பிரிச்சுப் பிரிச்சுத்தானே ஆண்டான், போகும்போதும் பிரிச்சுட்டுத்தான் போவானா? மத்த கரீபியன் தலைவருங்க நெறைய பேருக்கும் இதே பயம். தூரத்து ராஜாவுக்கும் வெல இருக்கு. 2016ல பிரிட்டன் ஐரோப்பிய யூனியன விட்டு வெளிய போகலாமான்னு நடந்த பிரெக்ஸிட் ஓட்டெடுப்புல ஆங்குவிலாவுக்கு ஓட்டே கெடையாது. எதிர்ல படகுல அரை மணி நேரத்துல இருக்குறது பாதி பிரான்ஸ், பாதி நெதர்லாந்து வச்சிருக்குற செயின்ட் மார்ட்டின், ஏர்போர்ட், ஆஸ்பத்திரி, சாமான் செட்டு எல்லாத்துக்கும் அதத்தான் நம்பி இருக்காங்க, இருந்தும் அவங்கள ஒருத்தன் ஒரு வார்த்த கேக்கல. ஜட்ஜுக்கு நம்மள தெரியாதுங்கிறது நல்லதுக்கும்தான் கெட்டதுக்கும்தான். என்னோட கருத்த கேட்டா, 1967ல நான் அங்க இருந்திருந்தா பிரியலாம்னு ஓட்டு போட்ட அந்த 1813 பேர்ல ஒருத்தனா இருந்திருப்பேன், 2016ல தலைல அடிச்சிருப்பேன்.

சரி, கடைசில சொல்றேன்னு சொன்ன மேட்டர். ஒவ்வொரு நாட்டுக்கும், தனிப் பிரதேசத்துக்கும் ரெண்டு எழுத்து கோடு உண்டு, இந்தியாவுக்கு ஐஎன். ஆங்குவிலா செயின்ட் கிட்ஸோடவே இருந்திருந்தா தனிக் கோடு கெடச்சிருக்காது. பிரிஞ்சதால கெடச்சது ஏஐ. 1990கள்ல அது இன்டர்நெட்டுக்கும் வந்துச்சு, 2022 கடைசில சாட்ஜிபிடி வந்து உலகமே பைத்தியம் புடிச்சு டாட் ஏஐ வாங்க, 2023ல மட்டும் சுமார் 3 கோடி 20 லட்சம் டாலர், அரசாங்க வருமானத்துல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல. நானும் நம்ம சேனலுக்கு ஒண்ணு வாங்கலாம்னு பாத்தேன், ரெண்டு வருஷத்துக்கு சேத்துத்தான் குடுப்பேன்னான், வெலய பாத்துட்டு டேப்ப மூடிட்டேன்.

இன்னும் இருக்கு. இந்த ஏஐ கோடு முதல்ல ஆங்குவிலாவோடது இல்ல. ஆப்பிரிக்கால பிரான்ஸ் வச்சிருந்த "அஃபார்ஸ் அண்ட் இஸ்ஸாஸ்"னு ஒரு எடத்தோடது, இன்னிக்கு ஜிபூட்டி. அங்கயும் ஓட்டெடுப்பு நடந்துச்சு, அதே 1967ல, அங்கயும் சுமார் 60 சதவீதம் பேர் பிரான்ஸ் கூடவே இருக்கோம்னு ஓட்டு போட்டதா முடிவு வந்துச்சு, அதுல சோமாலிக்காரங்கள ஓட்டு போட விடாம பண்ணாங்கன்னு பெரிய கலவரமே ஆச்சு. பத்து வருஷம் கழிச்சு, 1977ல, சுதந்திரம் வாங்கி பேர மாத்திக்கிட்டாங்க, ஏஐ காலியாச்சு, விலாங்கு வந்து கவ்விக்கிச்சு.

வீடியோ பிடிச்சிருந்தா லைக் போடுங்க, டீக்கடை பெருசு யாராவது உங்க ஃபேமிலி குரூப்ல இருந்தா ஷேர் பண்ணி விடுங்க. அப்புறம் அந்த "வேணாம்"னு ஓட்டு போட்ட அஞ்சு பேரு யாருன்னு ஆங்குவிலால எந்த சொந்தக்காரனுக்காவது தெரிஞ்சா கமெண்ட்ல சொல்லுங்க, பின் பண்ணி வைக்கிறேன்.