நைஜீரியாவில் எரிவாயு ஏன் இன்னும் எரிக்கப்படுகிறது?

நேயர்களுக்கு வணக்கம். நைஜர் டெல்டாவில் ஒலோய்பிரி என்ற ஊரில் 1956-இல் எண்ணெய் கிடைத்தது. 1958-இல் ஏற்றுமதி தொடங்கியது. எண்ணெயோடு வரும் வாயுவைக் கொளுத்திவிடுகிற பழக்கமும் அந்தக் காலத்திலிருந்தே உண்டு.

கிணற்றிலிருந்து எண்ணெய், தண்ணீர், வாயு மூன்றும் கலந்துதான் வரும். செப்பரேட்டர் என்ற உருளைத் தொட்டியில் விட்டால் தண்ணீர் அடியில் தங்கும், எண்ணெய் அதன்மேல் நிற்கும், வாயு உச்சிக்குப் போகும். முதல் தொட்டியில் அழுத்தம் அதிகம் என்பதால் அந்த வாயுவைக் குழாயில் அனுப்புவது எளிது. தொல்லை அடுத்த தொட்டிகளில்தான். அழுத்தம் குறையக் குறைய, எண்ணெயில் கரைந்திருந்த மிச்ச வாயு வெளியே வரும். அதைக் கம்ப்ரஸர் வைத்துப் பல கட்டமாக அழுத்த வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே குளிரவைத்து, சேரும் திரவத்தை வடித்தாக வேண்டும். திரவம் உள்ளே போய்விட்டால் கம்ப்ரஸர் பழுதாகும். அது நின்றுவிட்டால் வாயு நேராகத் தீக்கம்பத்துக்குப் போகும், அதாவது வாயுவை எரித்துவிடும் உயரமான குழாய்க்கு. எண்ணெயை நிறுத்தாமல் வாயுவை மட்டும் நிறுத்த முடியாதே!

அவசரத்துக்குத் தீக்கம்பம் தேவைதான். எரிக்காமல் திறந்துவிட்டால் மீத்தேன் வளிமண்டலத்துக்கு இன்னும் கேடு. தினமும் எரிவதுதான் தவறு. கரும்புகை வந்தால், தீக்குக் காற்று போதவில்லை அல்லது வாயுவோடு திரவத் துளிகள் வருகின்றன என்று அர்த்தம்.

நைஜீரியாவின் போனி தீவிலிருந்து 1999 முதல் திரவ எரிவாயு கப்பலேறுகிறது. மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்தால் கன அளவு சுமார் 600-இல் ஒரு பங்காகிவிடும். அதற்கு முன் கார்பன் டை ஆக்சைடையும் ஈரத்தையும் நீக்காவிட்டால் அவை உறைந்து குழாயை அடைக்கும். பாதரசம் இருந்தால் அலுமினிய வெப்பப் பரிமாற்றியை அரிக்கும். ஆனால் சதுப்பு நிலத்தில் சிதறிக்கிடக்கும் சிறு எண்ணெய் வயல்களிலிருந்து போனிவரை குழாய் போட யார் செலவழிப்பது?

இவெரேகன் ஊரில் பெண்கள் அந்தத் தீயின் வெக்கையிலேயே மரவள்ளிப் பண்டத்தைக் காயவைத்திருக்கிறார்கள். வாயு எரிப்பு மக்களின் வாழும் உரிமையை மீறுவதாக, அந்த ஊர்க்காரர் ஒருவர் தொடுத்த வழக்கில் 2005-இல் பெனின் சிட்டி நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1979-ஆம் ஆண்டுச் சட்டம், 1984 முதல் அமைச்சரின் அனுமதி இல்லாமல் எரிக்கக் கூடாது என்றது. அனுமதி கிடைத்தது, கூடவே அபராதமும் வந்தது. 1998-இல் ஆயிரம் கன அடிக்கு வெறும் 10 நைரா (நைஜீரிய நாணயம்). கம்ப்ரஸர் வாங்குவதைவிட அபராதத்தைக் கட்டுவதே லாபம். 2018 விதிகள் அதைப் பெரிய வயல்களுக்கு 2 டாலராகவும், நாளைக்குப் பத்தாயிரம் பீப்பாய்க்குக் குறைவாக எண்ணெய் எடுக்கும் வயல்களுக்கு அரை டாலராகவும் ஆக்கின. இதுவும் தீக்கம்பத்துக்குப் போகும் குழாயில் மீட்டர் இருந்து, அது சரியாக ஓடினால்தான் செல்லும். இல்லையென்றால் கம்பெனி எழுதித் தரும் கணக்குதான் கணக்கு.