குமாமொன் உருவப்பொம்மையை மதிப்பிடுவது எப்படி?

நேயர்களுக்கு வணக்கம்.

ஊர்களுக்கும் நிறுவனங்களுக்கும் அடையாளமாக ஜப்பானில் உருவாக்கப்படும் சின்னப் பாத்திரங்களின், அதாவது 'மாஸ்காட்'களின், உருவப்பொம்மைகளைச் சேகரிப்பவர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். ஒரு பொம்மையைக் கையில் எடுத்ததும் அவர்களில் பலர் கேட்கும் முதல் கேள்வி, "இது அரிதாகக் கிடைப்பதுதானா?" என்பதாகும். அந்தக் கேள்வியில் பிழையில்லை. ஆனால், இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் குமாமொன் என்ற கறுப்புக் கரடியின் பொம்மைகளைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியால் பெரிய பயன் இல்லை என்பதே என் கருத்து. ஏன் என்று விளக்குவதற்கு, அந்தக் கரடி பிறந்த கதையைச் சற்றே சொல்ல வேண்டும்.

ஜப்பானின் கியூஷூ தீவில் குமாமோத்தோ என்றொரு மாகாணம் உள்ளது. 2011 மார்ச் 12 அன்று கியூஷூ ஷிங்கான்சென் அதிவிரைவு ரயில் பாதை முழுமையாகத் திறக்கப்பட இருந்த நிலையில், பயணிகள் இடையில் இறங்காமல் தெற்கே ககோஷிமாவுக்கே போய்விடுவார்களோ என்ற கவலை மாகாண அரசுக்கு இருந்தது. அவர்களை இறங்க வைப்பதற்காகத் தொடங்கப்பட்டதுதான் 'குமாமோத்தோ சர்ப்ரைஸ்' என்ற விளம்பர இயக்கம். அந்த மாகாணத்து அமகுசாவில் பிறந்த எழுத்தாளர் கோயாமா குண்டோ அதற்கு ஆலோசகராக இருந்தார். இலச்சினை வரையும் பொறுப்பு வடிவமைப்பாளர் மிசுனோ மனாபுவிடம் தரப்பட்டது. மிசுனோ, கேட்ட இலச்சினையோடு கேட்காத கரடி ஒன்றையும் வரைந்து கொடுத்தார். அதன் கறுப்பு குமாமோத்தோ கோட்டையின் நிறம். கன்னத்துச் சிவப்பு, அசோ எரிமலை இருப்பதால் 'நெருப்பு நாடு' என்று பெயர் பெற்ற அந்த நிலத்தின் நிறம்.

மாகாண அரசு அடுத்து எடுத்த முடிவுதான் சேகரிப்பாளர்களுக்கு முக்கியமானது. உரிமையைத் தன்வசம் வைத்துக்கொண்ட அரசு, உள்நாட்டில் முன்அனுமதி பெறும் எவரும் கட்டணமின்றி அந்த உருவத்தைப் பயன்படுத்தலாம் என்று 2010 இறுதியில் அறிவித்தது. சின்னப் பாத்திரங்களுக்கான நாடளாவிய போட்டியில் 2011இல் குமாமொன் முதலிடம் பெற்றது. 2015இல், இக்கரடியின் உருவம் தாங்கிய பொருள்களின் ஓராண்டு விற்பனை 10,000 கோடி யென்னைத் தாண்டியது. வெளிநாட்டு நிறுவனங்களிடம் கட்டணம் பெற்று அனுமதி தரும் முறை 2018இல்தான் வந்தது.

இதன் விளைவு என்ன? மிட்டாய் உறை முதல் பொம்மை வரை, எண்ணற்ற நிறுவனங்கள் முறையான அனுமதியுடனேயே குமாமொனைச் செய்தன. நன்கு பழகிய சிற்பியின் கையில் உருவான பொம்மையும், அவசரத்தில் அச்சடித்துக் கடைக்கு அனுப்பிய பொம்மையும் ஒரே அனுமதியைத் தாங்கி நிற்கின்றன. ஆகவே அசல் என்பது வேறு, நல்ல பொம்மை என்பது வேறு. குறைந்த எண்ணிக்கையில் வந்து மறைந்த ஒன்று, விற்காமல் போனதாலேயே அரிதாகியிருக்கவும் கூடும். அப்படியானால் எதை வைத்து மதிப்பிடுவது? மூல உருவத்துக்கு அது எவ்வளவு உண்மையாக இருக்கிறது என்பதை வைத்துத்தான்.

எது மூல உருவம் என்று முதலில் தெளிவாக வேண்டும். ஒப்பீட்டுக்கு இன்னொரு சின்னப் பாத்திரத்தைப் பார்ப்போம். ஜப்பானின் என்எச்கே ஒலிபரப்பு நிறுவனத்தின் செயற்கைக்கோள் அலைவரிசைகளுக்காக 1998இல் கோடா ட்சுனேயோ உருவாக்கிய தோமோ-குன், தொடக்கத்திலிருந்தே அசைவூட்டப் படங்களுக்கான பாவை. பழுப்பு உரோமமும் பற்கள் தெரியப் பிளந்த வாயுமாக, தொட்டுப் பார்க்கக்கூடிய உடலோடுதான் அது பிறந்தது. எனவே உரோமத்தின் உணர்வு இல்லாத வழவழப்பான தோமோ-குன் பொம்மை எனக்குப் பாதிப் பொம்மைதான். நுண்ணிழைகளைத் தூவி ஒட்டிய மேற்பரப்பு உள்ள பொம்மையைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். குமாமொனின் நிலை வேறு. அது முதலில் தட்டையான ஓவியம்; அதன் பிறகே ஒருவர் உள்ளே புகுந்து ஆடும் உடையாக மாறியது. அந்த உடையும் தொடக்கத்தில் சற்று ஒல்லியாக இருந்து, பின்னர் இன்று நாம் காணும் பருத்த வயிற்றைப் பெற்றது. ஒப்பிட்டுப் பார்க்க உயிருள்ள கரடியும் அங்கே இல்லை. கியூஷூவில் கறுப்புக் கரடி இனம் அழிந்துவிட்டதாக ஜப்பானின் சுற்றுச்சூழல் அமைச்சகமே 2012இல் அறிவித்துவிட்டது. ஆகவே குமாமொன் பொம்மையைப் பார்க்கும்போது, அதைச் செய்தவர் ஓவியத்தைப் பின்பற்றினாரா, உடையைப் பின்பற்றினாரா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டும் தகுந்த வழிகளே. முகத்தை ஓவியத்திலிருந்தும் உடலை உடையிலிருந்தும் எடுத்து, இரண்டையும் இசைவின்றிப் பொருத்திய பொம்மைகள்தான் ஏமாற்றம் தருகின்றன.

உள்ளங்கையில் அடங்கும், ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் உயரமுள்ள, ஓவியத்தைப் பின்பற்றிய பிவிசி பிளாஸ்டிக் பொம்மை ஒன்றை இப்போது கூர்ந்து பார்ப்போம். அதை நேராக நிற்க வைத்து, உங்கள் கண்ணும் அதன் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்குமாறு குனிந்து பாருங்கள். மேலிருந்து பார்த்தால் எல்லாப் பொம்மைகளும் அழகாகவே தோன்றும். குமாமொனின் கண்கள் வியப்பில் விரிந்தவை: வெள்ளை வட்டம், நடுவே சிறிய கறுப்புப் புள்ளி. அந்தப் புள்ளி அரை மில்லிமீட்டர் உள்நோக்கி நகர்ந்தால் கரடி மாறுகண் உடையதாகிவிடும். மேல்நோக்கி நகர்ந்தால் அசடு வழியும். ஒன்று மட்டும் நகர்ந்தாலோ அது குமாமொனே அல்ல. நாலைந்து கோடுகளில் முடிந்துவிடும் முகத்தில், ஒரு கோடு தவறினாலும் அதை மறைக்க வேறு கோடு இல்லை. நுணுக்கமான அலங்காரங்கள் நிறைந்த வீரர் பொம்மையைவிட இத்தகைய எளிய பொம்மையை மதிப்பிடுவது கடினம் என்று நான் கருதுவது இதனால்தான்.

அடுத்துக் கன்னங்கள். ஓவியத்தில் அவை கூரிய விளிம்புள்ள சிவப்பு வட்டங்கள். நல்ல பொம்மையில் அவை பேட் பிரிண்டிங் முறையில், அதாவது மிருதுவான சிலிகான் திண்டில் மையை எடுத்து வளைந்த பரப்பில் ஒற்றும் முறையில் பதிக்கப்பட்டிருக்கும். விளிம்பில் மை கசிந்திருக்கிறதா, இரு கன்னங்களும் ஒரே உயரத்தில் உள்ளனவா, சிவப்பின் அடியில் கறுப்பு தெரிகிறதா என்று பாருங்கள். கறுப்புப் பரப்பின்மேல் சிவப்பை நேரடியாக ஒற்றினால் அது மங்கிப் பழுப்பாகத் தெரியும். முதலில் வெள்ளை ஒரு பூச்சு கொடுத்து, அதன்மேல் சிவப்பை ஒற்றினால்தான் நிறம் எழும். இந்த ஒரு கூடுதல் பூச்சுக்குச் செலவழிக்க உற்பத்தியாளர் மனம் வைத்தாரா என்பது, பொம்மையின் மற்ற பகுதிகளில் அவர் எப்படி நடந்துகொண்டிருப்பார் என்பதையும் பெரும்பாலும் சொல்லிவிடும்.

பிறகு, கறுப்பு. பிளாஸ்டிக்கில் கறுப்பு இரக்கமற்ற நிறம். வார்ப்பின்போது உருகிய பிளாஸ்டிக் ஓடிய தடங்களும், தடித்த பகுதிகள் ஆறும்போது விழும் மெல்லிய பள்ளங்களும், அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடும் கறுப்பில் பளிச்செனத் தெரியும். பொம்மையைச் சன்னல் ஓரம் கொண்டுசென்று மெதுவாகத் திருப்பினால் போதும். தலையின் பக்கவாட்டில், காதுக்குக் கீழே அந்த இணைப்புக் கோடு ஓடுவது வழக்கம்; அது நகத்தில் தட்டுப்பட்டால், தேய்த்துச் சீர் செய்யாமல் விட்டிருக்கிறார்கள் என்று பொருள். மேற்பரப்பு மினுமினுப்பாக இருப்பதை நான் விரும்புவதில்லை. ஒளிப்புள்ளிகள் வயிற்றின் உருண்டையைச் சிதைத்துவிடுகின்றன; மிசுனோவின் தட்டையான கறுப்புக்கு ஒளிராத பூச்சே நெருக்கமானது.

பழைய பொம்மையாக இருந்தால் பொருளின் உடல்நிலையையும் பார்க்க வேண்டும். பிவிசியை இளக்குவதற்காகச் சேர்க்கப்படும் பிளாஸ்டிசைசர் காலப்போக்கில் மேற்பரப்புக்கு வந்து, பொம்மையைப் பிசுபிசுப்பாக்கும். பெட்டியைத் திறக்காமலே வைத்திருந்தால் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் இந்தப் பிசுபிசுப்பு அதிகமாவதும் உண்டு. எனவே திறக்காத பெட்டிக்கு இருமடங்கு விலை கேட்பவரிடம், உள்ளே இருக்கும் பொம்மையின் நிலை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்பது நியாயமானதே. பிசுபிசுப்பு இலேசானதாக இருந்தால் வெதுவெதுப்பான நீரில் சில துளி பாத்திர சோப்புக் கரைசல் விட்டு மென்மையாகக் கழுவலாம். தின்னர் போன்றவற்றைத் தொடவே கூடாது, அச்சிட்ட கண் அழிந்துபோகும். கறுப்புக் கை வாயைச் சுற்றியுள்ள வெள்ளைப் பகுதியைத் தொட்டபடி ஆண்டுக்கணக்கில் இருந்தால் வெள்ளையில் கறை ஏறும். அந்தக் கறை கழுவினாலும் போகாது. சென்னை, மதுரைக் கோடையில் பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் மெல்லிய கால்களுள்ள பொம்மைகள் மெல்லச் சாய்வதையும் கவனியுங்கள். குமாமொனுக்குக் கால்கள் குட்டையாகவும் தடித்தும் இருப்பதால் அந்த ஆபத்து குறைவு.

அசலா என்று உறுதிசெய்யப் பொம்மையின் அடிப்பாகத்தையோ பெட்டியையோ பார்க்க வேண்டும். அனுமதி பெற்ற பொருள்களில் 2010 என்ற ஆண்டோடு குமாமோத்தோ மாகாணத்தின் பெயரைத் தாங்கிய உரிமைக் குறிப்பும், பலவற்றில் அனுமதி எண்ணும் இருக்கும். காசு போட்டுத் திருகினால் விழும் சிறிய கேப்சூல் பொம்மைகளில் இக்குறிப்பு உள்ளே மடித்து வைத்த தாளில் மட்டும் இருக்கக்கூடும் என்பதால், அந்தத் தாளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜப்பானில் பழைய பொம்மைகளை விற்கும் கடைகளில் சில, பொம்மைக்கு ஒரு தரமும் பெட்டிக்கு ஒரு தரமும் எனத் தனித்தனியே குறிக்கின்றன. இந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. பெட்டி நசுங்கி, பொம்மை மாசற்று இருப்பதைக் குறைந்த விலைக்கு வாங்குவதுதான் பொம்மையை நேசிப்பவருக்கு ஏற்ற வழி. விதிவிலக்காக ஒன்றைச் சொல்வேன். 2016 ஏப்ரல் 14, 16 ஆகிய நாள்களில் குமாமோத்தோவை நிலநடுக்கங்கள் உலுக்கின. அப்போது பொது நிகழ்ச்சிகளிலிருந்து விலகியிருந்த குமாமொன், மே 5, குழந்தைகள் தினத்தன்று, பாதிக்கப்பட்ட குழந்தைகளைப் பார்க்க வந்தது. அந்த நாள்களின் நிவாரண நிதிக்காக விற்கப்பட்ட பொருள் ஒன்று உங்களிடம் இருந்தால், அதன் கண் சற்றுக் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, வைத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் வாங்குவதாக இருந்தால், பகல் வெளிச்சத்தில் எடுத்த நான்கு படங்களை விற்பவரிடம் கேளுங்கள்: கண் மட்டத்தில் நேர்முகம், பக்கவாட்டில் காதுக்குக் கீழ்ப்பகுதி, முதுகு, பாதத்தின் அடி. பெட்டியின் படத்தை மட்டும் அனுப்புபவரிடம் வாங்க வேண்டாம்.

நன்றி, வணக்கம்.